வெண்கலப் பட்டையும் பெரியப்பாவும்

சத்தமே இல்லாத வீடு கிடைத்தால் சந்தோஷப்படக் கூடாது. அந்த அமைதிக்கு ஏதோ காரணம் இருக்கும். (படிக்கும் காலத்தில் எனக்கு அது தெரியவில்லை; மற்ற எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது.)

பெரியப்பா நெஞ்சுவலிக்கு வைத்தியம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். “அதிர்ச்சி மட்டும் கூடாது” என்று டாக்டர் சொன்னதால், கள்ளக்குறிச்சியை ஒட்டிய அவர் வீட்டில் டிவிகூட ஓடவில்லை. என் புராஜெக்டுக்குத் தேவையானவை நான்கு: நூல், சின்னச் சுத்தி, மைக், நிசப்தம். கல்லூரி லேபில் நான்காவது கிடையாது. மூட்டையோடு அங்கே போனேன்.

வெண்கலப் பட்டையை நூலில் தொங்கவிட்டுத் தட்டி, எழும் ஒலியின் அதிர்வெண்ணை அளந்தால், அந்த உலோகம் எவ்வளவு விறைப்பானது என்று கணக்கிடலாம். ஒரு ஒலி முழுக்க அடங்கிய பிறகே அடுத்த தட்டு. பெரியப்பா உள்ளே தூங்க, நான் தெருப்பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு (புழுக்கம்) தட்டினேன். டங்ங்ங். டங்ங்ங்.

எங்கள் பக்கம் சாவு வீட்டு வாசலில் சேமக்கலம் என்ற வெண்கலத் தட்டை அடிப்பதும் இதே நிதானத்தில்தான். எனக்கு அது உறைக்கவே இல்லை.

எதிர்வீட்டு செல்வி அக்காவுக்கு உறைத்தது. அன்று காலை பெரியப்பாவை வந்து பார்த்துவிட்டு, மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குத் திரும்ப பஸ்ஸுக்குக் காத்திருந்த அவர் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, போன் செய்துவிட்டாள்.

மைக்கில் அழுகைக்குரல் பதிவாக, எரிச்சலோடு எட்டிப் பார்த்தேன். தெருவே வாசலில் இருந்தது. நடுவில் அத்தை.

“மலைமேல கட்டிக் குடுத்துட்டு, ஒரு நாளாவது வந்து பாத்தியா அண்ணா!”

பெரியப்பா துண்டோடு வெளியே வந்தார். “இன்னாம்மா, யாரு போய்ட்டாங்க?”

அத்தை நிமிர்ந்தாள். அலறினாள். பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். எல்லோரும் என் கையிலிருந்த சுத்தியைப் பார்த்தார்கள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

“உன் அத்த அழுதத கேட்டியா? பாதி என்னத் திட்டிக்கினு இருந்தா.”

உடம்பு தேறியதும் முதல் வேலையாக மலையேறி அத்தையைப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு நாள் ராத்திரி, பெரியப்பா நிஜமாகவே போய்விட்டார். செய்தி வந்ததும் நான் சென்னையிலிருந்து கிளம்பி, விடியுமுன் உளுந்தூர்பேட்டை தாண்டும்போது செல்வி அக்கா போன் செய்தாள்.

“எப்ப வந்த பாப்பா? விடியறதுக்குள்ள மறுபடியும் தட்ட ஆரம்பிச்சுட்டியா? இந்த முறை தெருவுல ஒருத்தரும் ஏமாற மாட்டோம்.”

“நான் இன்னும் வரலக்கா” என்றேன்.

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.