ஹெல்மட்டோடு போய் வாங்கிய கோப்பி மெஷின்

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு கோப்பி மெஷின் வாங்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மருமகன் கட்டாரில் இருந்து லீவில் வருவதாக இருந்தது. எங்கள் ஊர் வழக்கத்தில் மகளைக் கட்டியவர் மகள் வீட்டுக்குத்தான் வருவார். மகள் வீடு என்பது நான் கட்டிக் கொடுத்த வீடு. அதன் பின்னறையில்தான் நானும் மனைவி ஆசியாவும் இருக்கிறோம். ஆகவே மருமகனுக்குக் கோப்பி சரியில்லை என்றால் அது என் தலையில்தான் வந்து விழும்.

போன லீவில் ஆசியா இஞ்சி, கொத்தமல்லி எல்லாம் இடித்துப் போட்டு ஒரு கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். மருமகன் ஒரு மிடறு குடித்தார்.

"மாமி, இருமலுக்கு நல்லா இரிக்கி," என்றார்.

அவருக்கு இருமல் இல்லை.

"அங்க அவர் எஸ்பிரஸோதான் வாப்பா குடிக்கிற. மெஷின்ல போடுறது," என்றாள் மகள். சரி, ஒரு மெஷின்தானே! ஒலுவில் துறைமுகத்தில் இருந்து மீன் லொறி ஓட்டிய எனக்கு ஒரு கோப்பி மெஷின் வாங்கத் தெரியாதா?

தெரியாது.

முதலில் கல்முனையிலேயே ஒரு கடை. "கோப்பி மெஷின் இரிக்கா?" என்று கேட்டேன். பழம் அடிக்கிற மெஷினைக் காட்டினான். "இதுல எல்லாம் அடிக்கலாம் காக்கா!"

சம்மாந்துறைக்குப் போனேன். அங்கே தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தலைத் தூக்கி வைத்தார்கள். "தண்ணி கொதிச்சாக் கோப்பிதானே?" அதுவும் நியாயம்தான். ஆனால் மருமகனிடம் அந்த நியாயத்தைச் சொல்ல முடியாது.

அக்கரைப்பற்றில் உண்மையாகவே ஒரு மெஷின் இருந்தது. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. "வாப்பா, அது சொட்டு சொட்டா வடியிற மெஷின். எங்களுக்கு அமுக்கத்துல புழியிற மெஷின் வேணும்."

கடைக்காரரிடம் அப்படியே சொன்னேன். அவர் உள்ளே போய்த் தேசிக்காய் பிழிகிற சாமானை எடுத்து வந்தார்.

கடைசியில் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "அது கல்முனையில மீராலெவ்வைட கடையில மட்டும்தான் இரிக்கி."

வேறு யாருடைய கடையாக இருந்தாலும் உடனே போயிருப்பேன்!

மீராலெவ்வை யார்? ஆசியாவின் மூத்த காக்கா, அதாவது அண்ணன். என்னுடைய சொந்த மச்சான். எனக்கும் அவருக்கும் கோவம். வருடக் கணக்காகக் கதை இல்லை, பேச்சு இல்லை. தெருவில் கண்டால் அவர் வானத்தைப் பார்ப்பார், நான் சைக்கிள் செயினைப் பார்ப்பேன். நான் ஓட்டுவது மோட்டார் சைக்கிள். குனிந்தாலும் செயின் தெரியாது. அப்படியும் பார்ப்பேன்.

காரணம் சின்னக் காரணம் இல்லை. ஒரு கல்யாண வீடு. ஆறு பேர் சுற்றியிருந்து சஹன் என்கிற ஒரே பெரிய தட்டில் சாப்பிடுகிறோம். சோற்றின் நடுவில் முழுக்கோழி. மீராலெவ்வை மச்சான்தான் பிய்த்துப் பங்கு வைத்தார். ஒரு காலைத் தன் பக்கம் வைத்தார். மற்றக் காலை, அன்றுதான் முதன்முதலாகக் கண்ட ஒரு இறக்காமம் ஊர் மனிசனுக்கு வைத்தார். எனக்கு என்ன வைத்தார் தெரியுமா?

கழுத்து!

சொந்தத் தங்கச்சியின் புருஷனுக்குக் கழுத்து! சஹனைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் கை கழுவிவிட்டு எழும்பியவன்தான். அவர் முதலில் வாய் திறந்து கதைக்கட்டும், அதுவரை நான் ஒரு சொல் கதைக்க மாட்டேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அவரும் அதே முடிவு எடுத்திருக்கிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். முதலில் கதைப்பவன் தோற்றவன். அவ்வளவுதான் விசயம்.

மூன்று நாளைக்கு மேல் முகம் திருப்பிக்கொண்டு இருக்கக் கூடாது என்று பள்ளிவாசல் பயானில் உபதேசம் சொல்வார்கள். அந்த இடம் வரும்போது நான் எழும்பி வெளியே போய்ச் செருப்புத் தேடுவேன்.

ஆனால் மருமகன் வரப் போகிறார். மெஷின் வேண்டும். மச்சானின் கடைக்குப் போக வேண்டும், மச்சானோடு கதைக்கவும் கூடாது!

யோசித்தேன். முகம் முழுக்க மூடுகிற ஹெல்மட் ஒன்று வீட்டில் கிடந்தது. வழக்கமாக உடுக்கிற சாரனோடு போனால் நடையிலேயே பிடித்துவிடுவார் என்று, மருமகன் விட்டுவிட்டுப் போன டெனிம் காற்சட்டையை எடுத்து மாட்டினேன். ஏற்றும்போது மூச்சை இழுத்துப் பிடித்தவன், பிறகு அதை வெளியே விடவே இல்லை.

ஆசியா குசினி வாசலில் நின்று பார்த்தாள். "இஞ்சேருங்க, யாருட வீட்டுக்குக் களவெடுக்கப் போறீங்க?"

"ஒங்கட காக்காட கடைக்கு."

"ஹெல்மட்டோட போய் எப்பிடிக் கதைக்கிற?"

"கதைக்க மாட்டேன். கையால காட்டுவேன்."

அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கடைக்குள் நுழைந்தேன். உள்ளே ஒரு டீச்சர் ரைஸ் குக்கர் பார்த்துக்கொண்டு நின்றார். ஹெல்மட்டைக் கண்டதும் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

மேசைக்குப் பின்னால் இருந்து மீராலெவ்வை மச்சான் எழும்பினார். "அஸ்ஸலாமு அலைக்கும். வாங்க தம்பி!"

தம்பி! எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். டெனிம் வேலை செய்கிறது!

ஆனால் ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. சொன்னால் குரல் தெரிந்துவிடும். பதிலை வயிற்றுக்குள்ளேயே சொல்லிவிட்டு நெஞ்சில் கை வைத்தேன்.

"இருங்க தம்பி," என்று கதிரையை இழுத்துப் போட்டார். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அந்த டெனிமோடு இருந்தால் எழும்ப முடியாது.

கோப்பி மெஷின்கள் இருந்த பக்கம் விரலை நீட்டினேன். மச்சானின் முகம் மலர்ந்தது.

"மூணு சாதி இரிக்கி தம்பி. இது கோப்பித்தூள் அடைச்ச குளிசை, சின்ன டப்பி, போடுற மெஷின். குளிசையப் போட்டு மூடினாச் சரி. ஆனா குளிசை முடிஞ்சா கொழும்புக்கு ஆள் அனுப்போணும். மறுவா மெஷின் அலுமாரிக்கு மேல கிடக்கும்."

தலையை ஆட்டினேன்.

"இது ரெண்டாவது. தூள நாமளே போட்டு அமுக்கோணும். கூட அமுக்கினா ஒரு சொட்டும் வராது. குறைய அமுக்கினாக் கழனித் தண்ணி மாதிரி ஓடும். கை பழகினா அருமையான சாமான்."

சின்ன மெஷின். அடக்கமான மெஷின். எனக்கு அதுவே போதும் என்று தோன்றியது.

"இதுதான் மூணாவது!" மீன் பெட்டி அளவுக்கு ஒரு மெஷின். "கொட்டையக் கொட்டினாத் தானே அரைக்கும், தானே அமுக்கும், தானே ஊத்தும். உள்ள இரிக்கிற அமுக்கம் டிரக்டர் டயர் காத்த விடப் பல மடங்கு!"

நான் விரலை இரண்டாவது மெஷினை நோக்கிக் கொண்டுபோனேன்.

"அவசரப்படாதீங்க. குடிச்சுப் பாத்து எடுங்க," என்று அதிலேயே ஒரு கோப்பி பிழிந்து நீட்டினார். குருவிக்குத் தண்ணீர் வைக்கிற அளவு கோப்பை. கண்ணாடியைத் தூக்கி, ஹெல்மட்டின் நாடிப் பகுதிக்கு மேலால் கோப்பையை உள்ளே விட்டேன். சரியாகப் போனது! அந்தக் கோப்பையை ஏன் அவ்வளவு சின்னதாகச் செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

கசப்பு! வேப்பெண்ணெய் தோற்றுப்போகும். ஆனால் வாய் திறக்க முடியாதே! பெருவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

"நல்லமா? இன்னொண்டு குடிங்க!"

குடித்தேன். குளிசை மெஷினிலும் ஒன்று தந்தார். பிறகு முதலில் குடித்தது எப்படி இருந்தது என்று மறந்திருக்கும் என்று இன்னொன்று தந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டத் தொடங்கினேன். தலை நிற்கவே இல்லை! கால் தானாகத் தாளம் போட்டது. ஹெல்மட்டுக்குள் என் இருதயம் அடிப்பது எனக்கே கேட்டது. உலகத்தில் உள்ள எல்லா மெஷினையும் வாங்கலாம் போல ஒரு பிரியம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சான் ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஒங்களப் பாக்க எனக்கு ஒரு ஆள்ட நினைப்பு வருது தம்பி. எனக்கும் ஒரு மச்சான் இரிக்கான். கோழிக் கழுத்துக்குக் கோவிச்சிக்கிட்டு இரிக்கான்."

டீச்சர் ரைஸ் குக்கரை வைத்துவிட்டுத் திரும்பினார். "கழுத்துக்கா?"

"ஓம் டீச்சர். கழுத்துக்குத்தான். அதுவும் நல்ல சதைக் கழுத்து."

பொய்! தோலும் எலும்பும்! நான் பல்லைக் கடித்தேன்.

"கஞ்சப் பயல் டீச்சர். அவன் இந்தக் கடைக்கு வந்தா எத எடுப்பான் தெரியுமா? அந்த ரெண்டாவது மெஷினத்தான் எடுப்பான். மூணாவதத் தொடக்கூட மாட்டான்."

என் விரல் இரண்டாவது மெஷினை விட்டுத் துள்ளியது. நேரே போய் மூன்றாவது மெஷினின் நெற்றியில் குத்தி நின்றது!

"மாஷா அல்லாஹ்! இதுவா தம்பி? நல்லா யோசிச்சுத்தானே?"

மேலும் இரண்டு தரம் குத்தினேன்.

"அப்ப ஓட விட்டுக் காட்டுறேன்," என்று கோப்பிக் கொட்டையைக் கொட்டி சுவிட்சைப் போட்டார். நெல் மில் மாதிரி ஒரு சத்தம்! எப்படி அரைக்கிறது என்று பார்க்கக் குனிந்தேன். மேல் மூடியை அவர் போடவில்லை. தூள் பறந்து திறந்திருந்த கண்ணாடி வழியாக ஹெல்மட்டுக்குள் புகுந்தது.

மூக்கைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனேன். கை ஹெல்மட்டில் முட்டியது.

தும்மினேன்! சின்னத் தும்மல் இல்லை. கண்ணாடி தானாக விழுந்து மூடிக்கொண்டது. தும்மினால் என்ன சொல்ல வேண்டும் என்று உம்மா பழக்கிய வாய் என்னிடம் கேட்கவே இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்!"

மச்சான் கண் இமைக்காமல் பதில் சொன்னார். "யர்ஹமுகல்லாஹ், மச்சான்!"

மெஷின் நின்றது. டீச்சர் கைப்பையைக் கீழே விட்டார்.

நான் ஹெல்மட்டைக் கழட்டினேன். மூக்கில் கோப்பித் தூள். ஆனால் எனக்கு ஒரே குதூகலம்!

"தோத்துட்டீங்க! நீங்கதான் முதல்ல கதைச்ச!"

"நானா? நீதான்டா 'அல்ஹம்துலில்லாஹ்' எண்ட!"

"அது நான் அல்லாஹ்வோட கதைச்சது! நீங்க கதைச்சது என்னோட!"

"தும்மினவனுக்குப் பதில் சொல்றது கடமை. கடமையெல்லாம் கதையாகுமா?"

"அப்ப ஸலாம் சொன்ன? 'வாங்க தம்பி' எண்ட?"

"அது ஹெல்மட்டுக்குச் சொன்ன ஸலாம்!"

"என்னக் கஞ்சப் பயல் எண்ட?"

"ஒன்னப் பத்தி டீச்சரோட கதைச்சது. ஒன்னோட கதைக்கல்ல."

டீச்சர் நடுவில் வந்தார். "ஐயாமார், யார் முதல்ல கதைச்சா என்ன?"

"அது எப்பிடி டீச்சர்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். அந்த மனிசி ரைஸ் குக்கரை வாங்காமலே போய்விட்டார்.

"அது சரி, நான்தான் எண்டு எப்ப தெரியும்?" என்றேன்.

"நீ வெளிக்கிட முந்தியே ஆசியா போன் பண்ணிட்டா. 'காக்கா, அவர் டெனிம் போட்டு வாறார், சிரிச்சிடாதீங்க' எண்டா."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பெருமூச்சும் கழுத்துக் கதையும் அந்தப் பெரிய மெஷினை என் தலையில் கட்டத்தான்! "ரெண்டாவத எடுக்கிறேன்," என்றேன்.

"எடு, எடு. நான் என்ன சொன்னேன்? ஒனக்கு அதுதான் சரி."

பெரியதைத்தான் எடுத்தேன்.

அதை மோட்டார் சைக்கிளில் தனியே கொண்டுபோக முடியாது. மச்சான் பின்னால் ஏறிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு ஹெல்மட்தான் இருந்தது. "பெட்டி கண்ணுல இடிக்கும்," என்று சொல்லி அதை அவர் மாட்டிக்கொண்டார். கல்முனைக் கடைத்தெரு முழுக்க என் முகத்தைப் பார்த்தது. அவருடைய முகத்தை யாரும் பார்க்கவில்லை.

வாசலில் ஆசியா. "சமாதானம் ஆயிட்டீங்களா? யாரு முதல்ல கதைச்ச?"

"அவர்தான்!" என்றேன் நான். "அவன்தான்!" என்றது ஹெல்மட்.

வெள்ளிக்கிழமை மருமகன் வந்தார், குடித்தார், கண்ணை மூடி, "மாமா, அந்த மாதிரி! பிரமாதம்!" என்றார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. மச்சானோடு மட்டும் மறுபடியும் கோவம். யார் முதலில் கதைத்தது என்பதை அவர் ஒத்துக்கொள்ளும்வரை நான் ஒரு சொல் கதைக்க மாட்டேன்.

வீட்டுக்கு எஸ்பிரஸோ மெஷின் வாங்க இருப்பவர்களுக்கு என் புத்திமதி இதுதான்: எந்த மெஷினையும் எடுங்கள், கடையில் வைத்துத் தும்மாதீர்கள்.