அண்ணா, மூக்கு சரியாகிவிட்டது

ஏகாம்பரநாதர் துணை

ஆரணியில் இருக்கும் அண்ணனுக்குப் பிள்ளையார்பாளையத்திலிருந்து தங்கை ஜெயம்மாள் கும்பிட்டு எழுதுவது. அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்து, எல்லாரும் நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. அஞ்சாவது படித்த கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அவர் போய் எட்டு மாசம் ஆகிறது. பட்டுத் தூசு உனக்கு ஆகவில்லை, தறியைப் பூட்டிவிட்டு ஆரணிக்கு வந்துவிடு, வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புகிறேன் என்று சொன்னீர்கள். வண்டி வேண்டாம் அண்ணா, மூக்கு சரியாகிவிட்டது.

புதுப் பாவு நூலைப் பழைய இழைகளோடு பிணைக்கிற அன்றைக்குத் தறிக்குக் கற்பூரம் காட்டினேன், தும்மல் வந்தது. பிணைக்க வந்த செல்லியம்மாள் கையை எடுத்துவிட்டு, "சகுனம் சரியில்லமா, தண்ணி குடிச்சிட்டு வா" என்றாள். மறுபடி கற்பூரம், மறுபடி தும்மல். மூன்றாவது கற்பூரத்தில் அவளே, "ஒத்தத் தும்மல்னா சகுனம், இது ஒம்போது. சாமியே எண்ணிக்கினு இருக்காது, விடு" என்று பிணைக்க உட்கார்ந்தாள். மறுநாளே காது மூக்கு டாக்டரிடம் போனேன். அலர்ஜி என்று சொல்லி ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். எப்படிப் போடுவது என்று நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் முப்பது வருசம் மூக்குப்பொடி போட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அவரை மாதிரியே அண்ணாந்து, நடு மூக்கில் வைத்து அழுத்தி, ஒரே இழுப்பு. மருந்து நேராகத் தொண்டைக்குப் போய்க் கசந்தது. தும்மல் வந்தால் போடுவேன், வராவிட்டால் பாட்டில் மாடத்தில் கிடக்கும். நாலாம் நாள் மூக்கிலிருந்து ரத்தம் வந்து, தறியில் இருந்த முந்தானையில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது. நல்ல வேளை, அரக்குச் சேலை. முதலாளி பூவராகவன் வந்து சரியாக அந்த இடத்தையே தடவிப் பார்த்து, "கலர் நல்லா எடுத்துக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் நீங்களும் போனில், அது ஸ்டீராய்டு, எலும்பு கரையும், மீசை முளைக்கும் என்றீர்கள். பாட்டிலைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

அங்கே நர்சு அகிலா இருந்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்ததே. எப்படிப் போட்டேன் என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். சிரிக்கவில்லை.

"ஏம்மா, கோபுரமா பாக்குறீங்க? லேசா குனிங்க. வலது கையால எடது மூக்கு, எடது கையால வலது மூக்கு. முனை காது பக்கமா சாஞ்சிருக்கணும், நடுவுல இடிக்கக் கூடாது. மெதுவா மூச்சு விட்டா போதும், உறிஞ்சாதீங்க."

மூச்சை உள்ளேதானே என்று கேட்டேன். "உள்ளதான்மா, மெதுவா" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. தறியில் ஊடை நூலோடு நாடா எறிகிற மாதிரி, கைக்குக் கை குறுக்கே. சொன்னதும் அவள், "இனிமே எல்லாருக்கும் உங்க நாடாவத்தான் சொல்லப்போறேன்" என்றாள். படித்த பெண் அண்ணா, என்னிடம் கற்றுக்கொண்டேன் என்கிறாள்.

மீசையையும் கேட்டேன். "இது மூக்குல மட்டும் படுற கொஞ்சூண்டு மருந்துமா. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல போடாதீங்க. தும்மும்போது போடறதில்ல, தெனமும் போடறது. முழுசா கேக்க ரெண்டு வாரம்கூட ஆகும். மறுபடி ரத்தம் வந்தா நிறுத்திட்டு இங்க வாங்க. மீசை வந்தாலும் வாங்க." கண்ணில் பிரஷர் உண்டா என்றுகூட விசாரித்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை நெய்தேன். ஒரு தும்மல் இல்லை, ஓர் இழை அறவில்லை.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். காமாட்சி உங்கள் எல்லாரையும் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
தங்கை ஜெயம்மாள்

பின்குறிப்பு: ஒரு தும்மல் இல்லை என்று எழுதியது பொய். காலையில் ஒன்பது வருகிறது. அவருடைய பொடி டப்பா மாடத்திலேயே இருக்கிறது. அவர் போன நாளிலிருந்து தறிக்குழியில் இறங்கும் முன்னே திறந்து முகர்ந்துவிட்டுத்தான் இறங்குவேன். ஒருநாள் மூக்கு அடைத்து, டப்பாவில் வாசனையே வரவில்லை. டாக்டரிடம் ஓடியது அதற்குத்தான், கற்பூரத்துக்காக இல்லை. இப்போது வாசனை நன்றாக வருகிறது. தும்மல் அந்தப் பொடியால்தான், பட்டுத் தூசின் மேல் வீணாகப் பழி போட்டோம். அகிலாவிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை, செவ்வாய்க்கிழமை மூக்கைக் காட்டப் போகும்போது சொல்லிவிடுவேன். மூடி வைக்கச் சொல்வாள். மூடி வைப்பேன். ஆனால் டப்பா இருக்கிற இடத்தில்தான் நான் இருப்பேன், வண்டி அனுப்ப வேண்டாம்.