கட்டையைத் திருப்பிக் கொடுத்த விவரம்

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சானுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் முழு உடம்போடு நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும்.

நிற்க. எங்கள் செருப்புக் கடையில் கத்தியோடு வந்த திருடனை நான் தன்னந்தனியாக விரட்டியடித்ததாகச் சொந்தக்காரர் எல்லோரிடமும் சொல்லி வருகிறீர்களாம். தயவுசெய்து நிறுத்துங்கள் மச்சான். நடந்தது வேறு.

அன்று மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்ததால் கடையில் நானும், கல்லாவில் உட்காரும் பெண்ணும், உள்ளே முதலாளியும்தான் இருந்தோம். முகத்தில் துணி கட்டிய ஒருவன் நுழைந்து, "எடு!" என்றான். இத்தனை வருஷத்துப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? "எந்த சைஸ் சார்?" என்று கேட்டுவிட்டேன். அவனும் ஒரு நொடி குனிந்து தன் காலைப் பார்த்தான். அப்புறம்தான் நான் கத்தியைப் பார்த்தேன். என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த முதலாளி, அதே வேகத்தில் கிடங்கு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஒழுங்காக நடந்துகொண்டது அந்தப் பெண் மட்டும்தான். கல்லாவைத் திறந்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவனும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். அத்தோடு போயிருப்பான். போகிற போக்கில் காட்சிக்கு வைத்திருந்த ஷூ ஒன்றை எடுத்து அக்குளில் இடுக்கினான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் புத்தி பிசகியது. காட்சிக்கு வைப்பதெல்லாம் இடது கால்தான் மச்சான். "சார், அது ஒத்தைக் காலு! ஜோடி உள்ள இருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். உங்கள் ஊரெல்லாம் பேசும் வீரம் இவ்வளவுதான்.

அவன் மிரண்டுபோய்த் திரும்பிக் கத்தியை வீசினான். நான் குனிந்துகொண்டேன். என்னைப் பின்னால் இழுக்க ஓடிவந்த அந்தப் பெண்ணின் உள்ளங்கை கிழிந்துவிட்டது. அவன் பையையும் ஷூவையும் போட்டுவிட்டு ஓடினான். தெருவே கூடி என் முதுகில் தட்டியது. அவள் கையைத் துணியால் சுற்றிப் பிடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தோன்றியது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். தையல் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் மகளுக்குக் கோணல்மாணலாகப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அது இருக்கட்டும்ணே. அந்த ஷூ போயிருந்தா வேற ஷூ வந்திருக்கும். எனக்கு ரெண்டு விரல் மடங்க மாட்டேங்குது" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பழகினால் மடங்கும் என்கிறார் டாக்டர். எத்தனை மாதமாகும் என்று அவருக்கும் தெரியவில்லை.

முதலாளியோ கிடங்கை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து படைத்தளபதி ஆகிவிட்டார். எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு உருட்டுக்கட்டை. "இனிமே எவன் வந்தாலும் அடிச்சு நொறுக்கணும். அண்ணன் வழி காட்டிட்டாரு" என்றார். "அப்ப நீங்க சார்?" என்றேன். "நான் உள்ள இருந்து போன் பண்ணுவேன்" என்றார். கட்டையும் கையுமாக நான் வரவேற்றதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று வாசலோடு திரும்பிவிட்டார்.

ராத்திரியெல்லாம் யோசித்தேன். இன்று காலை கட்டையைக் கொண்டுபோய் முதலாளி மேஜைமேல் வைத்தேன்.

"என்ன, பயந்துட்டீங்களா?"

"ஆமா சார். அவ கையைப் பாத்ததுலேர்ந்து பயந்துதான் போயிட்டேன். இனிமே எவன் வந்தாலும் கல்லாவைத் திறந்துவிட்டுட்டு ஒதுங்கி நிப்போம். அந்தப் பொண்ணுக்குக் குணமாகற வரைக்கும் சம்பளத்தோட லீவு குடுங்க. முடியாதுன்னா என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுங்க."

சொல்லிவிட்டு மேஜை முன்னாலேயே நின்றேன். பின்னால் 'டொக்' என்றது. ஷூ பாலிஷ் விற்கிற பெரியவர் தன் கட்டையை வைத்தார். அடுத்து இன்னொருவர், அதற்கடுத்து இன்னொருவர். மேஜை நிறைந்ததும் முதலாளி நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். "சரி, சரி. லீவு குடுத்துடலாம். முதல்ல இதையெல்லாம் எடுங்க, எனக்கே பயமா இருக்கு" என்றார்.

ஆகவே மச்சான், நீங்களும் உங்கள் ஆபீசில் எவனாவது வந்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அடுத்தவர் விவகாரத்தில் இந்தக் கை இனி நீளாது. இது உறுதி. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், தங்கச்சிக்கு அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: இதை அஞ்சல் நிலையத்திலிருந்து எழுதுகிறேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளின் பையை ஒருவன் பிடுங்கினான். நினைக்குமுன் பாய்ந்து கழுத்தோடு கட்டிப் பிடித்துவிட்டேன். அவர் அந்த அம்மாளின் புருஷனாம். "விடுய்யா என் வீட்டுக்காரரை!" என்று அதே பையால் அந்த அம்மாள் போட்ட போட்டில் என் உதடு வீங்கிவிட்டது. உங்கள் அக்காவிடம் கதவில் இடித்துக்கொண்டதாகச் சொல்லப் போகிறேன். கேட்டால் நீங்களும் கதவு என்றே சொல்லவும்.