கம்பளிக் குல்லா வழக்கு

இந்தத் தடவை தானே பேசுவது என்று யேசுரட்ணம் முடிவு செய்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்த முதல் முடிவு அது.

வழக்கு ஒரு பேரி மரத்தைப் பற்றியது. வேர் யேசுரட்ணத்தின் மரக்கறித் தோட்டத்தில். கிளை பக்கத்து வீட்டு அழகனின் தோட்டத்தில். பழம், காற்று அடிக்கிற பக்கத்தில். வாய்ச்சண்டை முற்றி நடுவில் ஒரு வேலி முளைத்தது. குச்சி யேசுரட்ணம் நட்டது, தகரம் அழகன் அடித்தது. எதிரிகள் இருவரும் ஒற்றுமையாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

வேலி வந்ததும் தண்ணீர் பிடிக்கிற பீலி அந்தப் பக்கம் போய்விட்டது. யேசுரட்ணத்தின் மனைவி பெற்றீசியா தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையையே சுற்றிக்கொண்டு குடம் சுமந்தாள். ரோட்டுக்கு ஏறுகிற படி இந்தப் பக்கம் நின்றுவிட்டது. அழகனின் மனைவி வேலாயி அதற்காகச் சுற்றினாள். இரண்டு பெண்களும் லயத்துக் கோடியில் தினமும் எதிரெதிரே வந்தார்கள். அங்கே நின்று என்ன பேசினார்கள் என்று எந்தப் புருஷனும் விசாரிக்கவில்லை.

பொலிஸ் இவர்களை இணக்க சபைக்கு அனுப்பியது. அங்கே வக்கீல் கிடையாது. பெரியவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து, இரண்டு தரப்பையும் பேசவிட்டுச் சமரசம் செய்வார்கள். அது கூடுவதற்குள் கொரோனா வந்தது. தவணை தள்ளிப்போனது. ஊரடங்கு எடுத்தார்கள், புதுத் தவணை வந்தது, மறுபடி ஊரடங்கு போட்டார்கள். பெரிய கோர்ட்டுகளே பூட்டிக் கிடந்தபோது பேரி மரத்தை யார் கேட்பார்கள்? மரம் மட்டும் தவணை பார்க்காமல் காய்த்தது.

யேசுரட்ணம் அந்த நாட்களை வீணாக்கவில்லை. பேச்சு தயாரித்தார். "ஆதியிலே ஆண்டவர் மரங்களைப் படைத்தபோது" என்று தொடங்கும் அது, ஏதேன் தோட்டம் வழியாக அழகனின் தகரத்துக்கு வந்து சேரும். மாட்டுக்கொட்டிலில் நின்று சொல்லிப் பார்ப்பார். மாடு ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை. வீட்டில் அந்தப் பாக்கியம் இல்லை. அவர் எங்கே வாயைத் திறந்தாலும் மீதி வாக்கியத்தைப் பெற்றீசியாதான் முடிப்பாள்.

கடைசியில் சபை தலவாக்கலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் கூடுவதாகச் செய்தி வந்தது. மாஸ்க் கட்டாயம். வாசலில் காய்ச்சல் பார்ப்பார்கள். ஒரு தரப்புக்கு ஒரே ஆள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்தது.

"ஒரு ஆளுதானாம் புள்ள. நீ வெளிய வாசல்ல நிக்கணும்."

"நிக்கிறேங்க. நீங்களே பேசுங்க."

"குறுக்க வர ஏலாது."

"நா எதுக்கு வர்றேன்? நல்லா பேசுங்க."

அவள் இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருக்கிற மனுஷனுக்கு அது எங்கே தோன்றும்?

அன்று காலை மலையெல்லாம் பனி. பெற்றீசியா ஒரு சுவெட்டரை மாட்டி, அதன் மேல் இன்னொன்றை மாட்டினாள். கம்பளிக் குல்லாவைப் புருவம் வரை இழுத்துவிட்டாள்.

"என்னா இது, மூட்ட கட்டுற?"

"தொண்ட கட்டிக்கிட்டா அம்புட்டுப் பேச்சும் போச்சுங்களே!"

நியாயம்தான் என்று பட்டது அவருக்கு. தன் பேச்சைப் பற்றி அவள் கவலைப்பட்டதே பெரிய விஷயம். பஸ்ஸிலிருந்து இறங்கி, பள்ளிக்கூடத்து மேட்டை மூச்சு வாங்க ஏறினார். வாசல் பக்கத்தில் அவள் பிளாஸ்க்கைத் திறந்து, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயை ஆவி பறக்க ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஊதி ஊதிக் குடித்தார். அவள் பைப்படிக்குப் போய் முகத்தில் பச்சைத் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் நின்ற சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயா, குல்லாவைத் தூக்கச் சொல்லி நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினார். அது கீச்சென்று கத்தியது.

"காய்ச்சல் காட்டுது. உள்ள போக ஏலாது."

"ஐயா, எனக்குக் காய்ச்சலா? நா பேச வந்தவன்!"

"பேசக்கூடாதுன்னுதான் சொல்றேன். அந்த மரத்தடியில உக்காருங்க. கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் பாப்போம். வீட்டுலருந்து வேற யாராச்சும் வந்திருக்காங்களா?"

பெற்றீசியா ஏற்கனவே நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றாள். கருவி வாயைத் திறக்கவில்லை.

யேசுரட்ணம் மரத்தடிக்கு நடந்தார். அங்கே வாங்குப் பலகையின் ஒரு முனையில் ஏற்கனவே ஒருவர் இருந்தார். இரண்டு சுவெட்டர். புருவம் வரை கம்பளிக் குல்லா. கையில் பிளாஸ்க். அழகன்!

இருவரும் ஒரு மீற்றர் இடைவெளி விட்டு முறைத்துக்கொண்டார்கள். அழகன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஒங்களுக்கும் இஞ்சி பிளேன்டீங்களா?"

"ம்."

"தொண்டைக்கு நல்லதுன்னாளா?"

யேசுரட்ணம் குல்லாவை மெல்லக் கழற்றினார். அழகனும் கழற்றினார். குளிர்ந்த காற்று இரண்டு தலையிலும் பட்டது. விஷயமும் அப்போதுதான் பட்டது.

ஐயா வந்து மறுபடி பார்த்தார். இருவருக்கும் காய்ச்சல் இல்லை. அதற்குள் பெற்றீசியாவும் வேலாயியும் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார்கள்.

"முடிஞ்சிருச்சுங்க. பழம் ஆளுக்குப் பாதி. வேலிய எடுத்துர்றது" என்றாள் பெற்றீசியா.

"குல்லாவ வச்சு ஏமாத்திட்டியே! எங்க படிச்ச இத?" என்றார் யேசுரட்ணம்.

"காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுல தெனம் நெத்தி பாக்குறாங்க. தலத்துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டு மேடு ஏறுனா அந்த மிசின் கத்தும். அவுத்துட்டு நின்னா சும்மா இருக்கும். கொழுந்தெடுக்குற எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப எம் பேச்சு?"

"போற வழியெல்லாம் எறக்கந்தான. பேசிக்கிட்டே வாங்க, நாங்க கேக்குறோம்."

யேசுரட்ணத்துக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போல இருந்தது. ஒரே ஒரு சட்டப் பிடி மிச்சமிருந்தது. அதை இறுக்கிப் பிடித்தார்.

"வேலிய எடுக்குறது சரி. யாரு எடுக்குறது? சபையில அதப் பேசுனீங்களா?"

அழகனும் ஆவலோடு நிமிர்ந்து பார்த்தார்.

"பேசாம வருவோமா? நீங்க ரெண்டு பேருந்தான்" என்றாள் பெற்றீசியா. "நல்லா வேர்த்தா காய்ச்சல் எறங்கிரும்னு சொன்னேன், பெரியவங்க மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க."