சீல் அண்ணனும் ஐ.பி. முகவரியும்

காலை வணக்கம் சொல்லி ரோஜாப் படம் அனுப்பியவனிடம் விசாரணை நடத்திய ஒரே மனிதர், தர்மபுரி மாவட்டத்திலேயே எங்கள் சீல் அண்ணன்தான். அந்த ரோஜாவை அனுப்பியவன் நான்.

"ஏங்க, இது உங்க வூட்டு ரோஜாவா? யாரு குடுத்தா? அவருக்கு யாரு குடுத்தா?"

மூன்றாவது கேள்வியில் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

எங்கள் மாங்கூழ் ஆலையில் லாரி ஏறும் ஒவ்வொரு டிரம்முக்கும் சீல் வைப்பது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. ஒரே மகள், தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். "எங்க இருந்தாலும் இழுத்துட்டு வருவோம்" என்று அவருடைய கூடப்பிறந்த அண்ணனின் பிள்ளைகள் திரிந்தார்கள். மூத்தவனுக்கு டவுனில் கம்ப்யூட்டர் கடை. "சித்தப்பா போன்ல அவ பேசுனா போதும். ஐ.பி. அட்ரஸ வெச்சு ஊரச் சொல்லிடுவேன்" என்று அவன் சொன்னது இவர் காதுக்கு வந்தது.

விசாரித்ததில் அது பாதி உண்மை. செயலியில் நேரடியாக அழைத்துப் பேசும்போது, ஒரு போனின் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் அதற்குள்ள எண், மறு போனுக்குத் தெரியும். அதைக்கொண்டு ஊரைத் தோராயமாகச் சொல்லலாம். மறைக்கச் செட்டிங் இருக்கிறது. போட்டால் பேச்சு சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். அவர் போட்டார், மகளையும் போடச் சொன்னார். பிறகு ஆலையில் அத்தனை பேர் போனையும் வாங்கிப் போட்டார். வாட்ச்மேனிடம் இருந்தது பட்டன் போன். இருபது நிமிடம் தேடிவிட்டு, "உங்க போனு ரொம்ப ஆபத்துங்க. செட்டிங்கயே ஒளிச்சு வெச்சிருக்கான்" என்றார்.

அப்படியும் மகளோடு போனில் பேச ஞாயிறுதோறும் வேறு ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். ஒரு வாரம் இண்டூர், ஒரு வாரம் பென்னாகரம். தொப்பூர் ஓட்டல் ஒன்றின் வாசலில் நானே பார்த்தேன். வாயைத் துண்டால் மூடியிருந்தார்.

"மழைன்னு சொல்லாதம்மா! எங்க மழைன்னு பாத்துடுவானுங்க... சரி, வெயிலும் வேணாம்."

"செட்டிங்தான் இருக்கேண்ணா?" என்றேன்.

"செட்டிங்க நம்பலாங்க. அத செஞ்சவன நம்பலாமா?"

"பொண்ணு எந்த ஊருல?"

"எனக்கே தெரியாது. கேட்டுக்கல. நாலு பேரு உக்கார வெச்சுக் கேட்டா சொல்லிப்புடுவேன். எனக்குப் பொய் வராதுங்க."

சந்தேகப் பட்டியலில் தன்னையும் சேர்த்துக்கொண்ட மனிதர்.

மகளுக்குக் குழந்தை பிறந்த மாதம், கம்ப்யூட்டர் கடைக்காரன் மைசூர்பாகோடு ஆலைக்கே வந்தான்.

"கோவமெல்லாம் போச்சு சித்தப்பா. ஒரு லிங்க் அனுப்பறேன், தங்கச்சிக்கு அனுப்பிவுடுங்க. தொறந்து, கொழந்தைக்குப் புடிச்ச சட்டைய எடுத்துக்கட்டும்."

அண்ணன் மைசூர்பாகை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். அவன் போனதும் என்னிடம் வந்தார்.

"சட்டை வாங்கறவன் கடைக்குப் போவான். இவன் எதுக்குங்க லிங்க் அனுப்பறான்?"

திறப்பவரின் ஐ.பி. முகவரியைக் குறித்துக்கொள்ளும் லிங்க்குகள் உண்டு என்றேன். அழித்துவிடுவார் என்று நினைத்தேன். "அழிச்சா வேற ஒண்ணு அனுப்புவான்" என்றார்.

அன்று நான்கு லாரிகள் கிளம்பின. ஒவ்வொரு டிரைவருக்கும் சீலோடு லிங்க்கும் போனது. "போய்ச் சேந்ததும் ஒருவாட்டி தொறங்க தம்பி."

ஒரே வாரத்தில், கடைக்காரன் கணக்குப்படி அந்தப் பெண் சென்னையிலும் கொச்சியிலும் மும்பையிலும் குடியிருந்தாள். நான்காவது டிரைவர் ஆர்வக் கோளாறில் வண்டி நின்ற இடமெல்லாம் திறந்ததால், நாக்பூர் வரை மேலும் ஒன்பது ஊர்களிலும்.

"சித்தப்பா, அவ எந்த ஊருலதான் இருக்கா?" என்று போனில் அவன் அழாத குறையாகக் கேட்டான்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுடா" என்றார் அண்ணன். அவருக்குத்தான் பொய் வராதே. தேடுவதை அவன் அதோடு விட்டான்.

அடுத்த வாரம் குழந்தையின் படம் வந்தது. போனைத் தன் பக்கம் திருப்பாமலே என்னிடம் நீட்டினார்.

"மூஞ்சி மட்டும் இருக்கற மாதிரி வெட்டிக் குடுங்க. மத்தத அழிச்சுடுங்க."

குழந்தையின் தலைக்குப் பின்னால் ஒரு நகைக்கடைக் காலண்டர், ஊர்ப் பெயரோடு தொங்கியது. வெட்டினேன், அழித்தேன்.

"பின்னாடி ஏதாச்சும் இருந்துதுங்களா?"

"சுவருதாண்ணா."

அடுத்த கேள்வி வரவில்லை. படத்தை முகத்தருகே கொண்டுபோய், "மூக்கு எங்க ஆத்தா மூக்கு" என்றார்.

தர்மபுரி பஸ் நிலையத்தில் அந்த ஊர்ப் பலகையோடு பஸ் வந்தால், இன்றைக்கும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.