நுரை தள்ளிய நிச்சயதார்த்தம்

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களிடம் நலம் விசாரிக்கக் கூடாது. தங்களைப் பற்றிச் சொல்வதாக நினைத்துக்கொண்டு காரைப் பற்றியே சொல்லி முடிப்பார்கள். சில வருடங்கள் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் காரை என் சம்பாத்தியத்தில், வீட்டில் யார் பேச்சையும் கேட்காமல் வாங்கினேன். எனக்கு முன்னால் பல பேர் ஓட்டித் தேய்த்தது. என் கணவர் சரவணன் அதில் ஏறினால், இறங்கித் தள்ளுவதற்குத் தோதாகக் கதவோரமாகவே உட்காருவார்.

என் கொழுந்தனார் பிரபுவுக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் பெண் அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளையை என் காரில்தான் அழைத்துப் போகிறோம் என்று நான் அறிவித்துவிட்டேன். (யாரும் கேட்கவில்லை.) அந்த வாரம் பார்த்து, என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் டப்பாவைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில், ஆறிப்போன டீயில் ஆடை கட்டியதுபோல் பழுப்பாக ஏதோ மிதந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். எண்ணெய்.

மெக்கானிக் செல்வம் என்ஜின் ஆயிலைப் பார்த்துவிட்டு, அது சுத்தமாக இருக்கிறது, தண்ணீர்தான் கெட்டிருக்கிறது, ஆகவே இரண்டும் அடுத்தடுத்து ஓடும் ஆயில் கூலருக்குள் ஓட்டை என்றார். அதை மாற்றியும் விட்டார். ஆனால் ஏற்கெனவே உள்ளே போன எண்ணெய் ரேடியேட்டரிலும் ரப்பர் ஹோஸ்களிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை முறை தண்ணீர் விட்டு அலசினாலும் பழுப்பாகவே வந்தது. திங்கட்கிழமை வரை வண்டி இங்கேயே கிடக்கட்டும், அதற்கென்று உள்ள மருந்தைப் போட்டுக் கழுவித் தருகிறேன் என்றார். அது என்ன மருந்து என்று கேட்டேன்.

“சோப்பு மாதிரிதானுங்க மேடம். பிசுக்க எடுக்கும்.”

நிச்சயதார்த்தமோ ஞாயிற்றுக்கிழமை. அவர் சொன்னதில் ‘சோப்பு’ மட்டும்தான் என் காதில் தங்கியது. வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

செல்போனில் தேடியபோது, எந்த நாட்டுக்காரரோ ஒருவர் பாத்திரம் கழுவும் மெஷினுக்கான பவுடரை ரேடியேட்டரில் கொட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அந்த மெஷின் இல்லை. துணி துவைக்கும் பவுடர் இருந்தது. எல்லாப் பவுடரும் பவுடர்தானே என்று கரைத்து ஊற்றினேன், என்ஜினை ஓட விட்டேன், வடித்தேன், மறுபடியும் ஊற்றினேன். கடைசியில் தண்ணீர் ஓரளவு தெளிவாக வந்தது. (அந்த ‘ஓரளவு’ பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.) ஒருமுறை அலசிவிட்டுப் புதுக் கூலன்ட்டை நிரப்பி, டப்பாவைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன்.

ஞாயிறு காலை கிளம்பினோம். உறவுக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். என் காரில் முன் இருக்கையில் பட்டு வேட்டியோடு பிரபு. பின்னால் என் மாமியாரும் சரவணனும், மடியில் சீர்த்தட்டுகள். அவற்றில் ஒன்றில் சாக்லேட்டுகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள்.

பரமத்தி வருவதற்குள் வெப்பமுள் மேலே ஏற ஆரம்பித்தது. இதற்கு எனக்கு ஒரு வழி தெரியும். ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டால் என்ஜினின் சூடு கொஞ்சம் காருக்குள் வந்துவிடும். முள் இறங்கும். சித்திரை மாத வெயிலில் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரைப் போட்டேன். அந்தக் காரில் குறையில்லாமல் வேலை செய்த ஒரே பாகம் அதுதான்.

சரவணன் இன்னும் கதவுப் பக்கம் நகர்ந்தார். பிரபுவின் சந்தனப் பொட்டு மூக்குவரை வந்துவிட்டது. சாக்லேட் கோபுரம் மெல்லச் சாய்ந்து பக்கத்துத் தட்டிலிருந்த மல்லிகைப் பூவின் மேல் படுத்தது.

“ஏங்கண்ணு, சன்னலத் தொறந்து உடு. வெளிய குளுகுளுன்னு இருக்குது” என்றார் அத்தை. சித்திரை வெயிலைக் குளுகுளு என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பெண் வீட்டு வாசலில் பெரிய கோலம். சொந்தபந்தம் முழுதும் வரிசையாக நின்றது. கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நிறுத்தி வண்டியை அணைத்தேன். முள் ஒருவழியாக ஏறாமல் நின்றது என்று மூச்சு விட்டேன். அணைத்த பிறகுதான் ஆரம்பித்தது. குக்கர் சத்தம் போல ஒன்று கேட்டது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து பழுப்பு நுரை கிளம்பி, முன்சக்கரங்களைச் சுற்றி இறங்கி, கோலத்தை நோக்கி நகர்ந்தது. எலுமிச்சை வாசனை வேறு.

“ஏனுங்க மாப்பிள்ளை, வண்டிக்கு நொரை தள்ளுதுங்களே” என்றார் பெண்ணின் அப்பா, மாட்டுக்கு மருத்துவரைக் கூப்பிட வேண்டுமா என்று விசாரிப்பவர்போல.

யாரும் சிரிக்கவில்லை. கோலம் பாதி அழிந்திருந்தது. பெண்ணின் பெரியப்பா தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார்: “மொதமொதல்ல வரும்போதே கோலம் அழிஞ்சுபோச்சு. எதுக்கும் இன்னொரு நாளு வெச்சுக்கலாமுங்களா?”

பிரபுவின் முகத்தை நான் பார்க்கவில்லை. காருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் என்று தோன்றியது. அங்கேயும் நுரைதான்.

அத்தை இறங்கினார். பட்டுப் புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. வழியெல்லாம் என்னைத் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததை அப்போது கொட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பெரியப்பாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: “அழுக்குப் போவோணும்னாத்தானுங்க நொரை வரும். நல்ல காரியத்துக்குன்னு எங்க மருமவ வண்டிய உள்ளார வரைக்கும் தொவச்சு எடுத்துட்டு வந்திருக்கறா. நீங்க தட்ட வாங்குங்க.”

எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் காரைத் துவைக்கிறோம் என்பதுபோல் இருந்தது அந்தத் தோரணை. பெரியப்பா மறுபடியும் தோள்துண்டைச் சரிசெய்தார். மாடி ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. பெண் கவிதாதான். அதைக் கேட்டுக் கீழே நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். தட்டுகள் உள்ளே போயின. ஒரே கட்டியாகிவிட்ட சாக்லேட்டைக் கத்தியால் வெட்டிப் பங்கிட்டார்கள். நிச்சயம் நடந்தது.

காரை அங்கேயே விட்டுவிட்டு வேனில் திரும்பினோம். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாமக்கல் நெருங்கும்போது கேட்டார், “பவுடரு எவ்வளவு போட்ட?”

“ஒரு பாக்கெட், அத்தை.”

“துணிக்கே ஒரு கரண்டிதான் சாமி.”

அதோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

செல்வம் வண்டியைக் கட்டி இழுத்து வந்து, நுரை நிற்கும்வரை அலசினார். எண்ணெயில் ஊறி உப்பிப்போன ஹோஸ்களையும் மாற்றினார். பிறகு காரை விற்றுவிட்டேன்.

கவிதா இப்போது என் ஓரகத்தி. காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்து வைத்ததா என்று யாராவது கேட்டால், “ரெண்டும் இல்லீங்க, தொவச்சு எடுத்த கல்யாணம்” என்று சொல்லி என் பக்கம் கையைக் காட்டுவாள். கேட்டவர் விழித்தால் போதும், அத்தை கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார். நான் காபி போட உள்ளே போய்விடுவேன். கடைசியாகக் காதில் விழுந்தவரை, பவுடர் மூன்று பாக்கெட் ஆகியிருந்தது.