ஒரே ஒரு நோயாளி உள்ள வார்டு

ஊருக்கு உழைத்தே உடம்பைத் தேய்த்துக்கொண்ட ஓர் இனம் நம்மிடையே உண்டு. வேலையில் இருக்கும் வரை இவர்களை அடையாளம் காண முடியாது. எல்லாரும் புகழ்வார்கள், நாமும் சேர்ந்து புகழ்ந்துவிட்டுப் போய்விடுவோம். ஓய்வு பெற்ற மறுநாள்தான் சாயம் வெளுக்கும். வழியனுப்பு விழாவில் பூச்செண்டையும் சுவர்க் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டு, "இத்தனை வருஷம் மத்தவங்களுக்காக ஓடியாச்சு, இனிமே எனக்காகக் கொஞ்சம் வாழப் போறேன்" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். நம்பிக் கெட்டவர்களில் ஒருவர் பெரிய சிஸ்டரின் கணவர்.

பெரிய சிஸ்டர் என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். ஆண்கள் வார்டில் முப்பத்து நான்கு வருடம், முப்பது கட்டில்கள். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் காய்ச்சல்கூட ஒரு டிகிரி இறங்கும் என்பார்கள். புது டாக்டர்கள் மருந்துச் சீட்டை எழுதிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். புருவம் உயர்ந்தால் அடித்துவிட்டு வேறு எழுதுவார்கள். எத்தனையோ பேரை எமன் வாயிலிருந்து இழுத்து வந்த கை அது. அதில் கேலிக்கு இடமில்லை. அந்தக் கை வீட்டுக்கு வந்ததுதான் கதை.

பகல் முழுக்க வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள். பனியனோடு நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த, எந்த நோயும் இல்லாத கணவர். ஒரு வாரத்தில் அவருக்குக் காப்பிக்கு முன்னால் நாடி, காப்பிக்குப் பின்னால் பி.பி., போர்வையின் நான்கு மூலையும் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகப்பட்டுக் காலை நுழைக்கவே வழியில்லாத படுக்கை என்று ஆகிவிட்டது.

"காலையிலேர்ந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

"தாகம் தீர்ற அளவுக்கு."

"மில்லி கணக்குல சொல்லுங்க."

இதைக்கூட அந்த மனிதர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது சாயங்காலம் ஆறு மணி. ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம்: டியூட்டி மாறும்போது, போகிறவர் வருகிறவரைக் கட்டில் கட்டிலாக அழைத்துப் போய், ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். பெரிய சிஸ்டர் கடைக்குப் புறப்படுமுன், வேலையிலிருந்து திரும்பும் மகனை வாசலிலேயே நிறுத்தி, அப்பாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார். "மத்தியானம் சாப்பாடு பாதிதான் எடுத்துக்கிட்டார். வயிறு ஒரு தடவை போச்சு. மூணு மணிக்குமேல கொஞ்சம் எரிச்சல்."

"அம்மா, இவர் என் அப்பா. எனக்கு இருபத்தெட்டு வருஷமா பழக்கம்."

"நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்பார் கணவர்.

"அதை நாங்க சொல்லணும்" என்பார் பெரிய சிஸ்டர்.

இப்படி எல்லாவற்றையும் ஒப்படைத்தே பழகியவர், வேலையின் கடைசி நாளில் ஒன்றை மட்டும் ஒப்படைக்கவில்லை. வார்டின் துணி அறைக் கதவு பதினோரு வருடமாகச் சிக்கும். கைப்பிடியை மேலே தூக்கி, வலது முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் திறக்கும். அந்த வித்தை அவருக்கு மட்டுமே தெரியும். மறந்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறப்பாவது? விரிப்புக்கும் போர்வைக்கும் வழியில்லாமல் தவித்து, நாளைக்கே போன் செய்வார்கள் என்று காத்திருந்தார். போனைக் குளியலறைக்கும் கொண்டுபோனார். மூன்று வாரம் ஆயிற்று. மகனை ஒருமுறை அழைக்கச் சொல்லிச் சோதித்தார். போன் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

அதற்குமேல் தாங்கவில்லை. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று வார்டுக்குள் நுழைந்தார். இரண்டு பஸ் மாறித்தான் அந்தப் பக்கம் வர முடியும். அவர் கைபிடித்துத் தொழில் கற்ற சின்ன சிஸ்டர் ஓடிவந்து, நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"துணி ரூம் கதவு ரொம்பப் படுத்துமே?" என்றார் பெரிய சிஸ்டர், சுற்றி வளைக்காமல்.

"அதுவா சிஸ்டர், நீங்க போன மறுநாளே ஆசாரியக் கூப்பிட்டுக் காட்டினோம். அடியில கொஞ்சம் இழைச்சு விட்டார். கால் மணி நேர வேலை. இப்ப சுண்டு விரலால திறக்கலாம்."

எழுந்து போய்ச் சுண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். திறந்தது. தன் வலது முழங்கால் ஏன் இத்தனை வருடமாக வலிக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து ஒன்பதாம் கட்டிலிலிருந்து யாரோ "சிஸ்டர்" என்று கூப்பிட, கால் தானாக அங்கே ஓடியது.

"உங்கள இல்லம்மா" என்றார் அந்த நோயாளி, மரியாதையாகவே. "நான் சிஸ்டரைக் கூப்பிட்டேன்."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். நாடி பார்க்கவில்லை, தண்ணீர்க் கணக்குக் கேட்கவில்லை. கணவருக்கு விடுதலை. மூன்று வாரமாக அவர் வேண்டிக்கொண்டது இதைத்தான். பேப்பரை விரித்தார், ஒரு வரியும் ஓடவில்லை. மடித்து வைத்தார்.

"எனக்குத் தலை லேசா வலிக்கிற மாதிரி இருக்கு."

"எந்த இடம்?"

சட்டென்று ஒற்றை விரலால் நெற்றிப்பொட்டைக் காட்டினார். பொய் வலிக்காரர்கள்தான் இப்படிக் கச்சிதமாகக் காட்டுவார்கள். பெரிய சிஸ்டர் ஆயிரம் பேரைப் பார்த்தவர். எழுந்து வந்து நெற்றியில் கைவைத்தார். நெற்றி குளிர்ந்துதான் இருந்தது.

"காய்ச்சல் இல்ல."

"இன்னும் கொஞ்ச நேரம் வச்சுப் பாரு" என்றார் கணவர். பெரிய சிஸ்டரும் கையை எடுக்கவில்லை.

பாவம் என்கிறீர்கள். நல்லது. இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். போன மாதம் இரண்டு நாள் லீவு போட்டீர்களே, அந்த இரண்டு நாளும் ஆபீசிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை, இல்லையா? நிம்மதியாக இருந்தது என்று வீட்டில் சொன்னீர்களாம். என்னிடமாவது உண்மையைச் சொல்லுங்கள்.